பதினேழாவது கையெழுத்து

கெபோன்சாவோ, ஜகார்த்தா
16 பிப்ரவரி 1997

அன்புள்ள காங் தர்சோனோவுக்கு,

தங்கை வார்சிதி எழுதுகிறேன். வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் கடிதம் போட்டுத் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், நீங்கள் அம்மாவுக்குப் பதில் போடுவீர்கள். நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அண்ணனுக்கு எழுதும் அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பெருநாளில் உங்கள் முன்னால் அமர்ந்து கேட்க வேண்டிய மன்னிப்பையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா நலம். முழங்கால் வலி மழை நாளில் மட்டும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன வருடம் காலில் ஏறிய ஆணிக் காயம் ஆறிவிட்டதா?

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நம் ரயில் நிலையத்தை ஒட்டி அலுவலகக் கட்டடமும் கடைவளாகமும் கட்டப்போகிற கம்பெனியில். இருபத்திரண்டு மாடி. கீழே நான்கு மாடியும் கடைகள். நடைமேடையிலிருந்து ஒரு மேம்பாலம் நேராக இரண்டாம் மாடிக் கடைகளுக்குள் இறங்குமாம். ரயிலை விட்டு இறங்குகிறவர் தெருவில் கால் வைக்கவே வேண்டாம். கட்டடத்தின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நம் சந்து இருக்கும் இடத்தில் அதில் புல்தரை வரைந்திருக்கிறது. படம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போதைக்கு என் வேலை எண்ணுவது. கையில் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும். வடக்கு வாசலில் காலை ஆறிலிருந்து பத்து வரை நின்று, எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எத்தனை பேர் எங்கே நின்று என்ன வாங்குகிறார்கள் என்று எண்ண வேண்டும். கடைகளுக்கு வாடகை போட இந்தக் கணக்கு வேண்டுமாம். அம்மா சிரிக்கிறாள்.

"நாலு வருசம் காலேஜில படிச்சது தலைய எண்ணவாடி? என்னக் கேட்டிருந்தா கழுவின தட்டப் பாத்தே சொல்லிருப்பேனே."

அம்மாவின் கடையில் நின்று சாப்பிட்டவர்களையும் எண்ணினேன். அம்மா பார்க்கும்போது அழுத்தக் கூச்சமாக இருந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு அழுத்தினேன்.

உங்கள் பணத்தில் படித்தவள். இனி வீட்டுச் செலவுக்கு நீங்கள் அனுப்ப வேண்டாம், உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பணிவுடன்,
வார்சிதி


கோலாலம்பூர்
10 மார்ச் 1997

என் தங்கை நோக்குக்கு,

கடிதம் காசிம் நானா கடைக்கு வந்து சேர்ந்தது. நானாவே பிரிக்காமல் வைத்திருந்து கொடுத்தார். நான் நலம். காயம் ஆறிவிட்டது, போன மாதமே அதை மறந்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

எழுதினதுக்கு மன்னிப்பு எதற்கு? உன் கையெழுத்தைப் பார்த்ததும் பெட்டியில் கட்டிலுக்குக் கட்டில் காட்டிவிட்டு வந்தேன். நாங்கள் இருப்பது இரும்புப் பெட்டி வீடு, ஒன்றில் பன்னிரண்டு பேர். அதில் ஒரு மதுராத் தீவுக்காரன் சொல்கிறான், "தங்கச்சி கட்டடம் கட்டுற கம்பெனியில ஆபீசரு, அண்ணன் கட்டடத்துல கம்பி கட்டுறவன். ஒங்க வீட்டுல யாராவது ஒருத்தர் கட்டடத்துல குடியிருக்கப் போறீங்களா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வேடிக்கை என்னவென்றால் நான் இப்போது கம்பி கட்டுவதும் ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்துக்குத்தான். பத்தொன்பதாம் மாடி. கீழே கடைகள், மேலே அலுவலகம், நடுவில் ஒரு பாலம். நீ எழுதியதைப் படித்தபோது எங்கள் கட்டடத்தைத்தான் எழுதினாயோ என்றிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் நிலையத்தைச் சுற்றி ஒரு குடிசையும் இல்லை. முன்னால் இருந்திருக்கும். நான் வந்தபோது சிவப்பு மண்தான் இருந்தது.

வீட்டுப் பத்திரம் பிஸ்கட் தகரத்தில் அம்மாவின் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்திரு. வாடகைக்கு இருந்த அதே வீட்டைத் தொண்ணூற்று நான்கில் என் பெயருக்கு வாங்கினோமே, அந்த வீடு இல்லையென்றால் இத்தனை வருடம் நான் இங்கே என்ன செய்தேன் என்று கேட்டால் காட்ட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இந்தப் பெருநாளுக்கு வர முடியவில்லை. அடுத்த பெருநாளுக்கு வந்ததும் மேலே ஓர் அறை எடுக்கிறோம். கம்பியை நானே கட்டுகிறேன். யாரும் என்னைவிட நன்றாகக் கட்ட முடியாது. அந்த அறை உனக்கு.

நன்றாகச் சாப்பிடு. வெயிலில் நின்று எண்ணாதே, நிழலில் நின்று எண்ணு.

அண்ணன் தர்சோனோ


கெபோன்சாவோ
20 ஏப்ரல் 1997

அன்புள்ள காங்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை வாசித்தேன். தைலம் வந்தது. அம்மா அதைத் தடவாமல் அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறாள். நாங்கள் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி சந்துக்காரர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தது. அழைக்கிற வேலை எனக்கு. என் மேலதிகாரி பாக் ஹெர்மந்தோ கூப்பிட்டுச் சொன்னார்:

"சிதி, நீ இந்தச் சந்துப் பொண்ணு. நான் போய்க் கூப்பிட்டா போலீஸ் வந்த மாதிரி கதவச் சாத்துவாங்க. நீ போ. திட்டத்த விளக்கப் போறோம், சாப்பாடு போடப் போறோம். அவ்வளவுதான்."

நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போனேன். உங்களுக்குத் தெரியும், எனக்கு யார் வீட்டிலும் போய் நின்று பேச வராது. அம்மாவின் கடைக்குப் பக்கத்தில் தையல் மிஷின் வைத்திருக்கும் மாக் இச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"சொல்லுடி. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறே."

"கூட்டம், மாக். ஞாயித்துக்கெழம."

"கோழி போடுவாங்களா, வெறும் டெம்பேதானா?"

"கோழின்னுதான் சொன்னாங்க."

"அப்ப சீக்கிரமே வந்து முன்னால ஒக்காந்துக்கிறேன்."

எல்லோரும் வந்தார்கள். ஒரு வீடு விடாமல் வந்ததைப் பார்த்து பாக் ஹெர்மந்தோ என் தோளைத் தட்டினார். திரையில் படம் காட்டினார்கள். சந்தின் எதிர்காலம் பற்றி நிறையச் சொன்னார்கள். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கேள்வி கேட்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. வருகைப் பதிவை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். வீட்டுக்காரர் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு சோற்றுப் பெட்டி.

என் அம்மா என்பதற்காக ஒரு பெட்டி கொடுத்தார்கள், அம்மா அதை வாங்கிக்கொண்டு நகரவில்லை. "என் மூத்தவன் பங்கு எங்க?"

"வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தாத்தான் பெட்டி, இபு" என்றார் பெட்டி கொடுத்தவர்.

"அவன் மலேசியால இருக்கான். ஊருல இல்லேன்னா பங்கு இல்லாமப் போயிருமா? நாங்க கந்தூரிச் சாப்பாட்டுல அவன் பங்க ஒரு தடவகூட விட்டதில்ல."

கூட்டம் சிரித்தது. மாக் இச்சி, "அவன் பேரச் சொல்லி யாரு தின்னாலும் அவனுக்குத்தான் சேரும், குடுங்க" என்றாள். அம்மா என்னைப் பார்த்து, "நீ போடு" என்றாள். பதினேழாவது வரியில் உங்கள் பெயர். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியுமே, முதல் எழுத்தின் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழே இழுத்துவிடுவீர்கள். அப்படியே போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "அவனே வந்து போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அன்று ராத்திரி உங்கள் பங்கை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம். முட்டை எனக்கு.

அடிக்கடி எழுதுங்கள்.

வார்சிதி


கோலாலம்பூர்
28 மே 1997

நோக்,

நலம். இருபத்து நான்காம் மாடி வந்துவிட்டோம். மேலே காற்று அதிகம், தொப்பி நிற்பதில்லை.

என் பெட்டியில் முட்டை மட்டுமா, தோலோடு பொரித்த கோழித் தொடையும் இருந்ததா? முழுசாகச் சொல். இங்கே உட்கார்ந்து கற்பனையிலாவது தின்கிறேன். கையெழுத்துக்குக் கூலியாக முட்டையை நீ எடுத்துக்கொண்டாய், சரி.

ஒன்று கேட்கிறேன். திட்டம் திட்டம் என்கிறாய், அது சந்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நிலையத்தின் பழைய சரக்குக் கொட்டகை இருக்கிறதே, அந்த இடம்தானே? நான் இந்த வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இருபத்திரண்டு மாடிக்கு அந்தக் கொட்டகை இடம் பத்தாது. சரக்கு லாரி உள்ளே வந்து திரும்பவே இடம் வேண்டும். நீ படித்தவள், வரைபடத்தைப் பார்த்து எழுது.

மேல் அறைக்கு ஜன்னல் தண்டவாளம் பார்த்து வைக்கலாமா, சந்து பார்த்தா? அம்மாவிடம் கேள்.

தர்சோனோ


கெபோன்சாவோ
3 ஆகஸ்ட் 1997

அன்புள்ள காங்,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் வேலை கூடுதல். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது எழுந்து கடை திறக்கிறாள். மிளகாய் விலை ஏறிவிட்டது, சம்பலைக் குறைத்து வைத்தால் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். டாலர் விலை ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வரைபடம் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. கொட்டகை இடம் பத்தாது. சந்து முழுவதும் திட்டத்துக்குள் இருக்கிறது. நம் சந்தில் லாரிகள் திரும்புமிடம் வருகிறது.

இதை இன்னும் ஒழுங்காக எழுத வேண்டும். அன்று நான் தட்டச்சு செய்த வருகைப் பதிவு மூன்று தாள். "வருகைப் பதிவு" என்ற தலைப்பை முதல் தாளில் மட்டும் அடித்திருந்தேன், நிகழ்ச்சி நிரலோடு. பெயர்களும் கையெழுத்துகளும் இரண்டாம் தாளில்தான் தொடங்கின. இப்போது கோப்பில் முதல் தாள் வேறு. "கீழே கையெழுத்திட்டுள்ள குடியிருப்பாளர்கள், நிர்ணயித்த ஈட்டுத்தொகையைப் பெற்றுக்கொண்டு இடத்தைக் காலி செய்ய மனமொப்பிச் சம்மதிக்கிறோம்" என்று இருக்கிறது. நான் அடித்ததில்லை. ஆனால் பின்னால் உள்ள இரண்டு தாளும் நான் அடித்தவை. கையெழுத்துகளும் அவரவர் போட்டவை.

சந்தில் செய்தி தெரிந்துவிட்டது. மாக் இச்சி என்னோடு பேசுவதில்லை. நேற்று நான் கடந்து போகும்போது மிஷினை நிறுத்தாமலே சொன்னாள், "எங்க வீட்டுக்குள்ள வந்தப்ப செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்தே. அந்த மரியாதைக்குத்தான்டி கையெழுத்துப் போட்டேன்."

ஜன்னலைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

வார்சிதி


கோலாலம்பூர்
30 ஆகஸ்ட் 1997

நோக்,

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று படித்து மனசு கேட்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறாள்?

நீ பயந்துபோய் எழுதியிருக்கிறாய். வரிகள் கோணலாகப் போகின்றன. கேள். மற்றவர்கள் பாவம், அவரவர் கையாலே போட்டுவிட்டார்கள். நம் கதை வேறு. வீடு என் பெயரில். நான் வெளிநாட்டில். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இதை உன் பாக் ஹெர்மந்தோவிடம் நேராகச் சொல். என் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது. ஒரு வீடு நடுவில் நின்றால் லாரி எப்படித் திரும்பும்? மொத்தத் திட்டமும் நிற்கும். நம் வீட்டால் சந்தே பிழைத்தாலும் பிழைக்கும், பார். மாக் இச்சியிடமும் சொல்.

நீ படித்தவள். வாயைத் திறந்து பேசு.

இங்கே வேலை கொஞ்சம் மெதுவாகிறது. மேஸ்திரி கம்பி வரவில்லை என்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தர்சோனோ


பொஜோங்
7 டிசம்பர் 1997

அன்புள்ள காங்,

மேலே உள்ள முகவரி புதியது. ரயில் கடைசியில் நிற்கும் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஓர் அறை எடுத்திருக்கிறோம். அம்மா நலமாக இருக்கிறாள் என்று எழுத நினைத்தேன். நடக்கிறாள், சாப்பிடுகிறாள்.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அம்மாவுக்கு நான் வாசிக்கவில்லை. உங்களுக்குப் பதில் எழுதவும் முடியவில்லை. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் எந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லையும் எடுக்க முடியாது என்றீர்களோ, அது அந்தத் தாளில் இருக்கிறது. பதினேழாவது வரியில். நான் போட்டது. உங்களுக்கு அது ஏன் நினைவு வரவில்லை என்று யோசித்தேன். எனக்குக்கூட ஜூலையில் கோப்பைத் திறக்கும்வரை அது ஒரு சோற்றுப் பெட்டியாகத்தான் இருந்தது.

நீங்கள் சொன்னபடி வாயைத் திறந்தேன். செப்டம்பரில் பாக் ஹெர்மந்தோவின் அறைக்குப் போய் நின்றேன்.

"பாக், பதினேழாவது எங்க அண்ணன். அவர் அன்னைக்கு வரல. அது நான் போட்டது."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"சிதி, இத என்கிட்டச் சொன்னே, நல்லது. வெளியில சொன்னா அதுக்குப் பேரு கள்ளக் கையெழுத்து. டைப் பண்ணது நீ. வீடு வீடாப் போய்க் கூப்பிட்டது நீ. கையெழுத்துப் போட்டது நீ. நான் என்ன செஞ்சேன்? கோழி வாங்கிக் குடுத்தேன்."

பிறகு தேநீர் வரவழைத்தார். நான் குடித்தேன், காங். மறுத்து எழுந்து வரத் தெரியவில்லை. இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை காலை இயந்திரம் வந்தது. கடையின் கண்ணாடி அலமாரியை முந்தின நாளே கழற்றி வைத்திருந்தோம். நம் வீடுதான் சந்து முனை, அதிலிருந்து தொடங்கினார்கள். ஓட்டுநர் இறங்கி வந்து அம்மாவிடம் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்போல் பவ்யமாக, "உள்ள யாரும் இல்லையே, இபு?" என்று கேட்டார். உண்மையில் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்தான். அம்மா, "யாரும் இல்ல, நீ உன் வேலையப் பாரு" என்றாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாக் இச்சி மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அவளுடைய மகள் வீட்டில் இடம் இல்லையாம், போகிறாள்.

உங்கள் பெயரில் வந்த ஈட்டுத்தொகை நீதிமன்றத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் நேரில் வந்தால்தான் எடுக்க முடியும். பத்திரம் தகரத்தோடு இருக்கிறது.

மன்னிப்பு கேட்டு எழுதினால் அது பெருநாள் மன்னிப்பு மாதிரி இருக்கும். அதனால் எழுதவில்லை.

வார்சிதி


கோலாலம்பூர்
4 ஜனவரி 1998
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

நோக்,

உன் கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். இது வேறு.

நான் வந்து சொல்ல வேண்டியதுதான், இது என் கையெழுத்து இல்லை, நான் அன்று கோலாலம்பூரில் இருந்தேன் என்று. வர முடியாது. பெருநாளுக்குப் பெருநாள் லீவு இல்லை என்று எழுதியதெல்லாம் பொய். என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அம்மா காதுத் தோட்டை விற்றுக் கொடுத்த பணத்தோடு ஏஜெண்ட் ஓடிப்போனான். திரும்பி வந்து அம்மாவின் வெறும் காதைப் பார்க்க முடியாமல் இருட்டில் ஒரு மீன்படகில் ஏறிவிட்டேன். தொண்ணூற்று நான்கில் வீடு வாங்க வந்ததும் படகில்தான், திரும்பியதும் படகில்தான். எந்த ஊர் அலுவலகத்திலும் என் வருகையோ போக்கோ இல்லை. காகிதப்படி பார்த்தால் நான் எங்கேயும் போகவில்லை. இன்னும் சந்து முனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று பக்கத்துக் கட்டடத்தில் குடிநுழைவு அதிகாரிகள் காகிதம் இல்லாத ஆட்களை வாரிக்கொண்டு போனார்கள். நாங்கள் சிமெண்ட் கிடங்கில் வெளியே பூட்டுப் போட்டு உள்ளே இருந்தோம். மூட்டைகளுக்கு நடுவில் இருமலை அடக்கிக்கொண்டு உன்னை நினைத்தேன். நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாய். நான் பதினொரு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் பொய் சொல்லியிருக்கிறேன். இதில் நான் எந்த வாயால் உன்னைத் திட்டுவது?

அம்மாவுக்கு இது தெரிந்தால்


கோலாலம்பூர்
25 ஜனவரி 1998

நோக்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்குக் காரணம் வேலைதான்.

நடந்தது நடந்துவிட்டது. நீ வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா போடச் சொன்னாள், போட்டாய். அதைப் பற்றி யாரிடமும் பேசாதே. பேசினால் உன்னைத்தான் பிடிப்பார்கள். வேலையை விடாதே. நம் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீ.

இந்தப் பெருநாளுக்கும் வர முடியவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை. பெருநாளன்று அம்மாவின் காலைத் தொட்டு எனக்காகவும் மன்னிப்புக் கேள்.

இங்கே கட்டடம் முப்பத்தொன்றாம் மாடியோடு நிற்கிறது. காசில்லையாம். பார்க்கலாம்.

தர்சோனோ


பொஜோங்
19 ஏப்ரல் 1998

அன்புள்ள காங்,

நீங்கள் எழுதி மூன்று மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. காசிம் நானா கடை இருக்கிறதா, கடிதம் உங்கள் கைக்கு வருகிறதா என்று தெரியாமலே இதையும் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது?

அம்மா பெருநாளுக்குப் பிறகு படுத்துவிட்டாள். மருத்துவர் முழங்கால் என்கிறார். அம்மா கடை வைக்க ஓர் இடம் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது சொல்வதில்லை.

வேலை போய்விட்டது. பிப்ரவரியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். வங்கி விழுந்ததாம், டாலரில் வாங்கிய கடனாம். பாக் ஹெர்மந்தோ எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம், "நீ நல்ல பொண்ணு, உனக்கு எங்கேயும் வேலை கெடைக்கும்" என்றார். இதுவரை கிடைக்கவில்லை.

போன வாரம் கெபோன்சாவோவில் இறங்கிப் பார்த்தேன். தகர வேலி இருக்கிறது. உள்ளே பள்ளம். மழைத் தண்ணீர் நிறைந்து பச்சையாக இருக்கிறது. நடுவில் ஒன்பது தூண்கள், துருப்பிடித்த கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு. நீங்கள் பார்த்தால் யார் கட்டியது, எப்படிக் கட்டியிருக்கிறான் என்று சொல்வீர்கள். வடக்கு வாசலில் இறங்கியவர்கள் வேலியை ஒட்டிச் சுற்றிப் போகிறார்கள். லாரி ஒன்றும் வந்து திரும்பவில்லை. நாற்பத்து மூன்று வீடும் இதற்குத்தான் போனது.

வேலிக்கு வெளியே மாக் இச்சியைப் பார்த்தேன். மிஷினை நடைபாதையில் வைத்துக் கிழிசல் தைக்கிறாள். நான் விலகிப் போகப் பார்த்தேன். "இங்க வா. ஒளியாதே" என்றாள். போனேன். மகள் வீட்டில் மூன்று வாரம்தான் இருந்தாளாம்.

"எல்லாரும் சேந்து கேஸு போடுறாங்க. சட்ட உதவிக்காரப் பையன் ஒருத்தன் வர்றான். நீயும் வந்து அந்தத் தாள எப்படி டைப் பண்ணினேன்னு அவன்கிட்டச் சொல்லு. என்கிட்டச் சொல்லாத, எனக்குக் கேக்க வேண்டாம்."

அவர் பெயர் பெங்கெத். பத்தாக் இனத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். சட்டைப் பையில் மை கொட்டியிருந்தது. முதல் தாளை மாற்றியதை நான் சொன்னதும் எழுதிக்கொண்டார். சொல் மட்டும் போதாது என்றார். நாற்பத்து மூன்று பேரில் யார் அன்று வரவில்லை என்று கேட்டார்.

"ஆறு பேர் வரல. வீட்டுல உள்ளவங்க அவங்களுக்காகப் போட்டாங்க."

"வரலன்னு எப்படி நிரூபிக்கிறது? அன்னைக்கு ஊருல இருந்தவங்கதானே. வந்தாங்கன்னு கம்பெனிக்காரன் சொல்லுவான்."

"எங்க அண்ணன் ஊருல இல்ல."

"எங்க இருந்தாரு?"

"கோலாலம்பூர்ல."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அந்த ஒரு கையெழுத்து பொய்னு காட்டலாம். ஒண்ணு பொய்னா மத்ததையும் சந்தேகமாப் பாக்கச் சொல்லலாம்." பிறகு, "யாரு போட்டான்னு கேப்பாங்க" என்றார்.

"நான்தான்."

"ஆறு வருசம் வரைக்கும் கெடைக்கலாம், தெரியுமா?"

தெரியும் என்றேன். ஜெயிப்போமா என்று மாக் இச்சி கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. "வீடு வராது, மாக். அந்தக் கம்பெனியே இல்ல. ஒருவேள நிலம் ஏன் சும்மா கெடக்குதுன்னு ஒரு கேள்வியாவது வரும். அதுவும் நிச்சயமில்ல." மாக் இச்சி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "மனமொப்பிக் குடுத்தேன்னு எழுதியிருக்கானே, அந்த வார்த்தைய அழிச்சா எனக்குப் போதும்" என்றாள்.

நீங்கள் யாரிடமும் பேசாதே என்று எழுதினீர்கள். பேசிவிட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், ஆறு வருடத்தையும். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பாமலே, "நாந்தான போடச் சொன்னேன். என்னப் பிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

தொலைக்காட்சியில் மலேசியாவிலிருந்து காகிதம் இல்லாதவர்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்புவதைக் காட்டுகிறார்கள். சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்தால்தான் கொஞ்சம் தெம்பு வருகிறது. "பாவம் யாரு பெத்த புள்ளைங்களோ. என் மகன் ஒழுங்காப் போனவன், அவனுக்கு ஒண்ணும் வராது" என்கிறாள்.

நான் இதுவரை உங்களிடம் படிப்புச் செலவைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. அதையும் அம்மாதான் கேட்டாள். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான், ஆனால் மேலே எங்கேயும் எழுத வரவில்லை.

உங்கள் தங்கை,
வார்சிதி

காங், உங்கள் கடவுச்சீட்டில் நீங்கள் மலேசியாவுக்குள் நுழைந்த முத்திரை இருக்கும் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்புங்கள். மே பதினைந்துக்குள் பெங்கெத்தின் கையில் இருக்க வேண்டும். என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். கூடக் கடிதம் எதுவும் எழுத வேண்டாம். அந்த ஒரு பக்கம் போதும்.